நரம்பு கிடைத்ததா?

ரத்தம் கொடுக்க வந்து உட்காரும் பாட்டிகள் கையை நீட்டும்போதே சொல்லிவிடுவார்கள்: “எனக்கு நரம்பே கிடைக்காதும்மா. போன தடவை நாலு இடத்துல குத்தினாங்க.” பயிற்சிக்கு வரும் மாணவருக்கு முதல் பாடம் இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. பாட்டி நரம்பு என்று சொல்வது வேறொன்றை. பேச்சுத் தமிழில் தோலுக்கடியில் கயிறுபோல் ஓடுகிற எல்லாமே நரம்புதான். பச்சையாகப் புடைத்து நிற்பதும் நரம்பு, நடக்கும்போது சுண்டி இழுப்பதும் நரம்பு. மருத்துவத் தமிழ் இதை நான்காகப் பிரிக்கிறது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி. அதைத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. உணர்வையும் ஆணையையும் மின்துடிப்பாகக் கடத்துவது நரம்பு. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். முழங்கையின் உட்குழியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் இந்த நான்கும் நெருங்கிக் கிடக்கின்றன. ஊசி போக வேண்டிய இடம் சிரை மட்டும்.

அந்தக் குழியில் மூன்று சிரைகளைத் தெரிந்துகொண்டால் போதும். கட்டைவிரல் பக்கமாக மேலேறுவது செஃபாலிக். சுண்டுவிரல் பக்கமாக ஏறுவது பேசிலிக். இரண்டையும் குறுக்காக இணைத்துக்கொண்டு நடுவில் ஓடுவது மீடியன் க்யூபிடல், நடுச்சிரை என்று சொல்லலாம். முதலில் தேட வேண்டியது நடுச்சிரையைத்தான். சுற்றியுள்ள திசு அதைப் பிடித்து வைத்திருப்பதால் ஊசி பட்டதும் நழுவி ஓடாது. இன்னொரு காரணமும் உண்டு. மேற்கைத் தசையின் நாணிலிருந்து ஒரு தட்டையான சவ்வு கிளம்பி, நடுச்சிரைக்குக் கீழே பாய்போல விரிந்திருக்கிறது. கையின் பெரிய தமனியும் மீடியன் நரம்பும் அந்தப் பாய்க்கு அடியில் ஓடுகின்றன. வைத்தியத்துக்காக ரத்தத்தைக் கீறி வடித்த காலத்தில், கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் தமனியைக் காப்பாற்றியது இந்தச் சவ்வுதான். அதனால் பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘கடவுளுக்கு நன்றி’ என்றே ஒரு பெயர் விழுந்தது. சுண்டுவிரல் பக்கத்துப் பேசிலிக்குக்கு அவ்வளவு காவல் கிடையாது. தமனியும் நரம்பும் அதற்கு மிக அருகில் போகின்றன. பார்க்கக் கொழுகொழுவென்று இருந்து ஆசை காட்டினாலும் அதைக் கடைசிக்கு வையுங்கள். ஊசி போன நொடியில் “ஷாக் அடிக்கிற மாதிரி விரல் வரைக்கும் போகுது” என்று ரத்தம் கொடுப்பவர் சொன்னால், ஊசியைத் திருப்பிப் பார்க்காமல், அங்கே இங்கே தேடாமல், உடனே மேற்கையில் கட்டிய டூர்னிகேயை அவிழ்த்து ஊசியை வெளியே எடுத்துவிட வேண்டும். ஊசி தொட்டது உண்மையான நரம்பை.

சிரையைக் கண்ணால் தேடுகிறவர்கள் நம் ஊரில் அடிக்கடி ஏமாறுவார்கள். கறுத்த தோலில் நல்ல சிரை தெரியவே தெரியாது. வெளியே நீலமாகத் தெரிகிற மெல்லிய கோடு பெரும்பாலும் ஊசிக்குத் தாங்காது. நம்ப வேண்டியது ஆள்காட்டி விரலின் நுனியை. சிரை அமுங்கும், விட்டால் எழும்பும். தமனி துடிக்கும். தசைநாண் முறுக்கிய கயிறுபோல் விறைப்பாக இருக்கும். கட்டைவிரலால் தடவிப் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு நாடித்துடிப்பு உண்டு. அதை நோயாளியின் துடிப்பென்று எண்ணிவிடுவோம். என்னிடம் பயின்றவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் கையை இன்னொருவர் தடவிச் சிரையின் போக்கைச் சொல்லச் சொல்வேன். ஒரு வாரத்தில் விரலுக்குப் பார்வை வந்துவிடும்.

டூர்னிகே கட்டுவது எல்லோரும் முதல் நாளே கற்றுக்கொள்வது. அந்தக் கட்டுக்குள் அறிவியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் 1628ல் ஃபிராங்ஃபர்ட்டில் அச்சிட்ட ஒரு சிறிய லத்தீன் நூலில்தான், ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பதை நிறுவினார். அதற்கு அவர் கொண்டுவந்த சான்றுகளில் முக்கியமானது மேற்கையில் கட்டிய ஒரு கட்டு. மிக இறுக்கிக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்றுபோகிறது, கை வெளுத்துக் குளிர்கிறது. கொஞ்சம் தளர்த்தியவுடன் ரத்தம் பாய்ந்து வந்து கை சிவக்கிறது, கட்டுக்குக் கீழே சிரைகள் புடைக்கின்றன. ஆழத்தில் இருக்கும் தமனியின் வழி திறந்துவிட்டது, மேலோட்டமாக இருக்கும் சிரையின் வழி அடைபட்டே இருக்கிறது. வந்த ரத்தம் திரும்ப முடியாமல் தேங்குகிறது. அன்றைக்கு ரத்தம் வடித்தவர்கள் கீறும் இடத்துக்கு மேலேதான் கட்டினார்கள், கீழே கட்டவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் இருந்த அந்தச் செயலின் பொருளை ஹார்வி வாசித்தார். இத்தாலியின் பாதுவா நகரில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஃபேப்ரீசியஸ் சிரைகளுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருப்பதை விவரித்திருந்தார். கட்டிய கையில் புடைத்த சிரையை விரலால் தடவி, அந்தக் கதவுகள் ரத்தத்தை இதயத்தின் பக்கம் மட்டுமே போகவிடும் என்று காட்டியவர் மாணவர்தான். இன்றும் புடைத்த சிரையில் முடிச்சுபோல் ஒன்று விரலில் தட்டுப்படும். அது அந்தக் கதவு இருக்கும் இடம். அதில் குத்தாமல் கொஞ்சம் தள்ளிக் குத்துங்கள்.

ஆகவே கட்டு எவ்வளவு இறுக்கம் என்ற கேள்விக்கு விடை ஹார்வியின் இரண்டாவது கட்டு. குத்தும் இடத்துக்கு மேலே நான்கு விரல் அகலம் விட்டு, மணிக்கட்டில் நாடி தெரியும் அளவுக்குக் கட்ட வேண்டும். நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன ஆகும்? தேங்கிய ரத்தத்தின் அழுத்தம் ஏறி, நுண்நாளங்களின் சுவர் வழியே நீர் கசிந்து திசுவுக்குள் போகும். புரதமும் அணுக்களும் சுவரைத் தாண்ட முடியாமல் உள்ளேயே நிற்கும். ரசம் அடுப்பில் சுண்டினால் உப்பு கூடுவதுபோல, புரதம், அதோடு ஒட்டியிருக்கும் கால்சியம், கொழுப்பு எல்லாம் உடலில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். “கையை மூடி மூடித் திறங்க” என்று நாம் எல்லோரிடமும் சொல்கிறோமே, அதையும் விட்டுவிட வேண்டும். வேலை செய்யும் தசை பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. கட்டுப் போட்ட கையில் அது ஓட வழியில்லாமல் நம் சிரிஞ்சுக்குள் வருகிறது. பொட்டாசியத்தின் இயல்பு அளவே லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான். கையை மூடித் திறந்ததாலேயே அது ஒரு மில்லிமோல் ஏறிவிடக்கூடும். மெதுவாக ஒருமுறை மூடிக்கொண்டால் போதும். சிரை தேட நேரமாகிவிட்டால் கட்டை அவிழ்த்து, இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி கட்டுங்கள். அந்த இரண்டு நிமிடத்தை வெட்டியாகப் போன நேரமாக நினைக்காதீர்கள்.

ஸ்பிரிட் தடவிய பிறகும் அப்படித்தான், காத்திருக்க வேண்டும். 70 சதவீத ஆல்கஹால்தான் இதற்கு ஏற்றது. கலப்பில்லாத ஆல்கஹால் கிருமியின் மேற்பரப்பைச் சட்டென்று உறையவைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றுவிடும்; நீர் கலந்தால்தான் ஊடுருவிப் புரதத்தைக் குலைக்கும். அது தானாக உலர அரை நிமிடம் ஆகும். ஈரத்தோடு குத்தினால் எரியும், ரத்த அணுவும் உடையும். அவசரத்தில் வாயால் ஊதிக் காயவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊதினால் துடைத்த இடத்துக்கு நம் வாயின் கிருமிகள் போய்ச் சேரும். துடைத்த இடத்தை விரலால் மறுபடி தொட்டுப் பார்ப்பதும் அதே தவறு.

ஊசிக்கு எண் உண்டு. கம்பி இழுக்கும் தொழிலிலிருந்து வந்த அளவுமுறை அது. எண் ஏற ஏற ஊசி மெலியும். பெரியவர்களுக்கு வழக்கம் 21, மெலிந்த சிரைக்கு 22 அல்லது 23. 21 எண் ஊசியின் உட்துளை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சிவப்பணுவின் விட்டம் 7, 8 மைக்ரோமீட்டர். கணக்குப் போட்டால் அந்தத் துளையின் குறுக்கே 60 அணுக்கள் தோளோடு தோள் உரசி நிற்கலாம். அப்படியிருக்க ஊசிக்குள் அணு ஏன் உடைகிறது? நெரிசலால் அல்ல, வேகத்தால். சிரிஞ்சின் தண்டைப் பலமாக இழுத்தால் ரத்தம் சுழித்துப் பாய்ந்து சுவரில் மோதுகிறது. எடுத்த ரத்தத்தை ஊசி வழியே டியூபுக்குள் பீய்ச்சும்போதும் அதுவே நடக்கிறது. சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல இருபது மடங்குக்கு மேல். அணு உடைந்தால் அத்தனையும் சீரத்தில் கலக்கும். பிரித்த சீரம் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் ரோஜா நிறத்தில் இருந்தால், உடைந்த அணுக்களின் சாயம் அது. சிரிஞ்சில் எடுத்தால் தண்டை மெதுவாக இழுங்கள். டியூபைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் நிறுத்தி, வெற்றிட டியூப் தனக்கு வேண்டியதைத் தானே இழுத்துக்கொள்ள விடுங்கள்.

குத்துவதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அது கையில் வருவது. சிரைக்குக் கீழே தோலை இடது கட்டைவிரலால் இழுத்துப் பிடிப்பது, ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்த்திருப்பது, 15 முதல் 30 பாகைச் சாய்வில் ஒரே சீராக உள்ளே போவது. வயதானவர்களின் சிரை நழுவுவது, பிடித்துவைக்கும் திசு தளர்ந்துபோனதால். தோலை நன்றாக இழுத்துப் பிடித்தால் பாதி நழுவல் நின்றுவிடும். இரண்டு முறை குத்தியும் வரவில்லையென்றால் மூன்றாவது முறை வேண்டாம். கூட இருக்கும் அக்காவையோ அண்ணனையோ கூப்பிடுங்கள். முன்னே சொன்ன பாட்டியின் நான்கு குத்து ஒருவரே குத்தியதாகத்தான் இருக்கும்.

இனி டியூபுகள். இந்த அத்தியாயத்தை நான் எழுதவே காரணம் இவைதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு பெரியவருக்கு ஊதா மூடி டியூபும் சிவப்பு மூடி டியூபும் எடுத்தேன். சிவப்பில் ரத்தம் குறைவாக இருந்தது, ஊதாவில் கொஞ்சம் தாராளமாக இருந்தது. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே ரத்தம்தானே என்று ஊதாவிலிருந்து சிவப்புக்குச் சிறிது சாய்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பரிசோதனைக் கூடத்து மூத்த அக்கா தாளோடு வந்தார். பொட்டாசியம் 13க்கு மேல். கால்சியம் இயல்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. “இந்தப் பொட்டாசியத்தோட ஒருத்தர் வெளியே பெஞ்சில உட்கார்ந்து டீ குடிக்க முடியாது. எதுல இருந்து எதுல ஊத்துன?” என்று கேட்டார். தாளைப் பார்த்தே என் கை செய்ததைச் சொல்லிவிட்டார்.

ஊதா மூடிக்குள் இருப்பது ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பு. ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அந்தக் கால்சியத்தை நாலாபுறமும் வளைத்துப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிக்கு வேதியியல் வைத்த பெயர் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கால்சியம் கொடுக்கில் மாட்டியதும் ரத்தம் உறையாமல் நிற்கிறது, அணுக்களை எண்ண முடிகிறது. அந்த ரத்தத்தை நான் சிவப்பு டியூபில் சாய்த்தபோது ஈடிடிஏவையும் அதன் பொட்டாசியத்தையும் சேர்த்தே ஊற்றினேன். கருவி கண்ட பொட்டாசியம் நான் சேர்த்தது. காணாத கால்சியம் நான் ஒளித்தது.

அந்த எண் நம்ப முடியாததாக இருந்ததால்தான் அக்கா எழுந்து வந்தார். ஒரு துளி மட்டும் கலந்திருந்தால் பொட்டாசியம் 6.2 என்று வந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது நம்பக்கூடிய எண். மருத்துவர் நம்புவார், குறைப்பதற்கு மருந்து ஏற்றுவார். பெரியவரின் உண்மையான பொட்டாசியம் நான்காக இருந்திருந்தால், அந்த மருந்து அவர் இதயத்தை என்ன செய்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பெரிய பிழை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிறிய பிழை சிகிச்சையாக மாறிவிடுகிறது.

மாணவர்கள் வரிசையை மனப்பாடம் செய்வார்கள்: முதலில் கல்ச்சர் பாட்டில், பிறகு வெளிர்நீல மூடி, சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். மனப்பாடம் அவசரத்தில் மறந்துபோகும், காரணம் மறக்காது. ஊசி ஒரு டியூபிலிருந்து அடுத்த டியூபுக்குப் போகும்போது முந்தையதன் வேதிப்பொருளை இம்மியளவு சுமந்து போகலாம். கிருமி வளர்த்துப் பார்க்கும் பாட்டில் சுத்தமாக இருக்க வேண்டும், அதனால் அது முதலில். வெளிர்நீலம் உறையும் நேரத்தை அளக்க. உறையத் தூண்டுவதும் தடுப்பதும் எதுவும் அதற்குள் போகக் கூடாது. சீரத்துக்கான சிவப்பு, பொட்டாசியம் நிறைந்த ஊதாவுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். வெளிர்நீலத்தில் இன்னொரு கண்டிப்பும் உண்டு: ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம். கோட்டுக்குக் கீழே நின்றால் மிச்ச சிட்ரேட் உறைதலைத் தாமதப்படுத்தி, இல்லாத நோயைக் காட்டும்.

ரத்தம் டியூபுக்குள் வந்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. சர்க்கரையைச் சிதைத்தே பிழைக்கிறது. வெளியே எடுத்துவிட்டோம் என்பதற்காக அது பட்டினி கிடக்காது. சாதாரண டியூபில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறைகிறது. காலையில் கிராம முகாமில் 130 என்று எடுத்தது, வேனில் சுற்றி மதியம் கருவிக்கு வரும்போது 105 பக்கம் நிற்கும். நீரிழிவின் வாசலில் நிற்பவரிடம் “ஒன்றுமில்லை, போய் வாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுவோம். சாம்பல் மூடிக்குள் இருக்கும் ஃபுளோரைடு, சர்க்கரையைச் சிதைக்கும் சங்கிலியில் ஒரு நொதியைக் கட்டிப்போடுகிறது. அந்த நொதி சங்கிலியின் பின்பகுதியில் இருப்பதால் முன்பகுதி வேலை நிற்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாம்பல் மூடியில் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக மேசையில் விட்டுவிடாமல் சீக்கிரம் அனுப்ப வேண்டியது அதனால்தான்.

மழைக்காலத்தில் டெங்கு வந்தால் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் ஒரே எண்: பிளேட்லெட். இயல்பு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம். அறிக்கையில் 40,000 என்று வந்தால் குடும்பமே ஆடிப்போகும். அது நோயால் குறைந்ததாக இருக்கலாம். ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்து, ஊதா டியூபை யாரும் கலக்காமல் விட்டதால் குறைந்ததாகவும் இருக்கலாம். ஈடிடிஏவோடு கலக்காத ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு உறைவு உண்டாகும்; பிளேட்லெட்டுகள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்; மிச்சத்தைத்தான் கருவி எண்ணும். நிரம்பியவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாக்கித் திருப்புங்கள், குலுக்காதீர்கள். பத்து நொடி வேலை. குடும்பம் நகையை அடகு வைத்துப் பெரிய ஊருக்கு ஆம்புலன்ஸ் பிடிப்பதும் பிடிக்காததும் அந்தப் பத்து நொடியில் இருக்கக்கூடும்.

முடிக்கும்போது முதலில் கட்டை அவிழ்க்க வேண்டும், பிறகுதான் ஊசி. மாற்றிச் செய்தால் அழுத்தத்தில் இருக்கும் ரத்தம் துளை வழியே தோலுக்கடியில் பரவிக் கன்றிப்போகும். பஞ்சை வைத்து முழங்கையை மடக்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். மடக்கினால் அழுத்தம் துளையில் சரியாக விழுவதில்லை. கையை நேராக நீட்டி, இன்னொரு கையால் சில நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். “இவ்வளவு ரத்தமா எடுத்தீங்க?” என்று பலர் முகம் வாடும். மூன்று டியூப் சேர்த்துப் பத்து மில்லிலிட்டர் இருக்கும், இரண்டு தேக்கரண்டி. உங்கள் உடம்பில் கிட்டத்தட்ட ஐந்து லிட்டர் ஓடுகிறது என்று சொன்னால் தெளிவார்கள். மயங்கி விழும் பழக்கம் உள்ளவரா என்று குத்துவதற்கு முன்பே கேட்டு, படுக்கவைத்து எடுங்கள்.

ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். குத்துக் காயங்களில் நிறைய அந்தக் கணத்தில்தான் நேர்கின்றன. தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்ஐவி பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் முப்பது வரை போகலாம். வார்டுக்குள் காலடி வைப்பதற்கு முன்னால் மூன்று தவணைத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். திட்டுவார்களோ என்று மறைக்காமல் உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் அதற்குக் கடைசி எல்லை. ஊசி போக வேண்டியது, குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள்.

கடைசியாகச் சொல்வதற்கு வைத்திருப்பது, செய்வதில் எல்லாவற்றுக்கும் முதலாவது. பெயர். “நீங்கதானே லட்சுமி?” என்று கேட்டால் காது மந்தமானவர் தலையாட்டுவார், பயந்தவர் தலையாட்டுவார், பக்கத்துப் படுக்கை லட்சுமியும் தலையாட்டுவார். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான் உண்டு. கே. லட்சுமிக்கும் எஸ். லட்சுமிக்கும் நடுவில் இருப்பது ஒரே ஓர் எழுத்து, அதுவும் அவசரத்தில் யாரோ கிறுக்கியது. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: “உங்க பேரு என்னம்மா? அப்பா பேரோ வீட்டுக்காரர் பேரோ சொல்லுங்க. என்ன வயசு?” அவர் வாயால் வர வேண்டும். அதைச் சீட்டோடும் படுக்கை எண்ணோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். டியூபில் பெயர் எழுதுவது ரத்தம் எடுத்த பிறகு, அவர் பக்கத்தில் நின்றபடியே. முன்கூட்டி எழுதிச் சட்டைப் பையில் வைத்த டியூப் வேறொருவர் கைக்குப் போகும். எடுத்துக்கொண்டுபோய் மேசையில் எழுதலாம் என்ற டியூப், இன்னும் இரண்டு பெயரில்லாத டியூபுகளோடு சேர்ந்து நிற்கும். சர்க்கரைப் பரிசோதனையில் பெயர் மாறினால் இன்னொரு முறை எடுத்துச் சரி செய்துவிடலாம். ரத்த வகைப் பரிசோதனையில் மாறினால், அன்று இரவே ஒரு லட்சுமிக்கு இன்னொரு லட்சுமியின் வகை ரத்தம் ஏறும். பொருந்தாத ரத்தம் உயிரை எடுக்கப் பெரிய அளவு தேவையில்லை. அதனால்தான் முதல்முறை ரத்தம் ஏற்றப்படுகிறவருக்கு, பல மருத்துவமனைகளில், தனித்தனியாக இரண்டு தடவை எடுத்த மாதிரிகளில் வகை ஒன்றாக வந்தால்தான் பையை அனுப்புகிறார்கள். இரண்டாவது தடவை நீங்கள் போய் நிற்கும்போது அந்த அம்மா, “இப்பத்தானே எடுத்துட்டுப் போனாங்க?” என்று சலித்துக்கொள்வார். அப்போதும் கட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால், முதல் தடவை பார்ப்பவரிடம் கேட்பதுபோலவே கேளுங்கள்: “உங்க பேரு என்னம்மா?”